லாங் ரைடில் பைக் ஆடுதா... இல்ல, நாமதான் ஆட வைக்கிறோமா? 4 டூரிங் பைக்குகள், ஓர் ஒப்பீடு!

ஆடி மாதத்தில் திருநெல்வேலியில இருந்து கன்னியாகுமரிக்கு பைக்கில் போயிருக்கீங்களா? நாங்குநேரி, வள்ளியூர் வரைக்கும் பெருசா பிரச்னை இருக்காது. பணகுடி தாண்டினதும் ரெண்டு பக்கமும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன் 'செம வியூ மாப்ள'ன்னு போனை எடுக்கும்போதே, மேற்கு மலை இடுக்கிலிருந்து ஒரு காற்று வந்து வண்டியை அப்படியே இடதுபக்கம் தள்ளும். காற்றாலையை அங்கே சும்மாவா நட்டு வெச்சிருக்காங்க!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த ரோட்டில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைச்சது. வேகம் 85-ஐத் தாண்டியிருக்கும். நான் காற்றுக்கு எதிரா வண்டியை லேசா வலதுபக்கம் சாய்ச்சுப் பிடிச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பஸ் வலதுபக்கமா எங்களை ஓவர்டேக் பண்ணுச்சு. பஸ் பக்கத்தில் வந்ததும் காற்று சட்டுனு நின்னு, வண்டி பஸ்ஸை நோக்கிப் போச்சு. பஸ் தாண்டினதும் காற்று மறுபடி அறைஞ்சது. அவ்வளவுதான். பின்பக்கம் மீன் வால் ஆட்டுற மாதிரி இடம், வலம், இடம், வலம்னு ஆட ஆரம்பிச்சது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சேன். ஆட்டம் கூடுச்சே தவிர, குறையலை. பின்னாடி இருந்த நண்பன் "டேய்... டேய்..."ன்னு கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு. ஏதோ ஒரு புண்ணியத்தில் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கை தளர்ந்து, வேகம் 60-க்கு இறங்கினதும் ஆட்டம் நின்னுபோச்சு.

காவல்கிணறு பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். "வண்டியில ஏதோ ஃபால்ட்டு அண்ணாச்சி, ரொம்ப ஆடுது"ன்னு சொன்னேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. பின்னாடி இருந்த டாப் பாக்ஸை ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டு, "வண்டியைக் குத்தஞ் சொல்லாதீங்க தம்பி. இந்தப் பெட்டிக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். டென்ட், டூல் கிட், நாலு லிட்டர் தண்ணி, கேமரா, நெல்லையில வாங்கின ரெண்டு கிலோ அல்வா! பின் டயரில் காற்று 24 பி.எஸ்.ஐ-தான் இருந்தது. பாக்ஸ் மூடியின் உள்பக்கம் 'அதிகபட்சம் 5 கிலோ'ன்னு ஒரு ஸ்டிக்கர் இருந்ததை அன்னிக்குத்தான் முதல்முறையா படிச்சேன். வீட்டுக்கு வந்து எடை போட்டுப் பார்த்தா 16 கிலோ.

அண்ணாச்சி காற்றடிச்சு, கனமான சாமான்களை எல்லாம் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பைகளுக்கு மாத்தச் சொன்னார். அங்கேருந்து கன்னியாகுமரிக்கு அதே ரோடு, அதே காற்று, அதே ரெண்டு பேர். ஆனா, வண்டி மட்டும் வேற வண்டி மாதிரி இருந்தது.

'லாங் ரைடுக்கு எந்த பைக் ஸ்டேபிளா இருக்கும் ப்ரோ?'ன்னு யார் கேட்டாலும் எனக்கு இந்தக் கதைதான் முதலில் ஞாபகம் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கு. ஆனா, அதில் பாதி ஷோரூமில் இருக்கு. மீதி பாதி நம்ம கையில் இருக்கு. ரெண்டையும் பார்த்துடலாம்.

ஸ்டெபிலிட்டி வேற, ஹேண்ட்லிங் வேற!

ரிவ்யூக்களில் இந்த ரெண்டு வார்த்தையையும் ஒண்ணா சேர்த்தே சொல்வாங்க. உண்மையில் ரெண்டும் ஏற்றப்பலகையின் ரெண்டு முனைகள் மாதிரி. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு கொஞ்சம் இறங்கும்.

ஸ்டெபிலிட்டின்னா, நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கும்போது வண்டி நேரா போற குணம். பள்ளமோ, காற்றோ தட்டிவிட்டாலும் தானா பழைய பாதைக்குத் திரும்பணும். ஹேண்ட்லிங்ன்னா, நீங்க ஒண்ணு சொன்னதும் வண்டி கேட்கிற குணம். திரும்புன்னா திரும்பணும், பாதி வளைவில் மனசு மாறினாலும் கூடவே மாறணும். சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் நேரா போற நாலுவழிச் சாலையில் முதல் குணம் சொர்க்கம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ரெண்டாவது குணம்தான் காப்பாத்தும்.

ஒரு வண்டி இதில் எந்தப் பக்கம் சாயும்னு தெரிஞ்சுக்க, ஸ்பெக் ஷீட்டில் நாலு விஷயம் பார்த்தா போதும். குதிரைத்திறன் அந்த நாலில் ஒண்ணு இல்லை!

அந்த நாலு விஷயங்கள்

முதலில், வீல்பேஸ். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம். அது நீளமா இருந்தா நேர்கோட்டில் நிதானம்; குட்டையா இருந்தா வளைவில் சுறுசுறுப்பு. நீளமான பஸ்ஸையும் ஆட்டோவையும் ஒரு சந்துக்குள் திருப்பிப் பார்த்தா புரியும்.

ரெண்டாவது, ரேக் மற்றும் ட்ரெயில். முன் ஃபோர்க் எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்கறதுதான் ரேக். ஹேண்டில் திரும்புற அச்சை அப்படியே கோடு போட்டுத் தரை வரைக்கும் இழுத்தா, அது டயர் தரையைத் தொடுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி விழும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், நீங்க எந்தப் பக்கம் தள்ளினாலும் தானா திரும்பி பின்னாலேயே வருதே, அதுக்குக் காரணம் இதுதான். ட்ரெயில் அதிகமா இருந்தா ஹேண்டில் தானா நேராகப் பார்க்கும். ஆனா, திருப்ப கொஞ்சம் கூடுதலா தள்ளணும். க்ரூஸர் பைக்குகளின் ஃபோர்க் ஏன் அப்படி முன்னாடி நீட்டிக்கிட்டிருக்குன்னு இப்போ புரியுதா?

மூணாவது, முன் சக்கரத்தின் அளவு. 21 இன்ச் சக்கரம் பள்ளத்துக்குள் விழாம அதன்மேல் ஏறிப் போகும். சுற்றும்போது தன் நிலையில் நிற்கிற பிடிவாதமும் அதுக்கு அதிகம். 17 இன்ச் சக்கரம் வளைவில் சட்டுனு சாயும். ஆனா ஒவ்வொரு குழியையும் உங்க மணிக்கட்டுக்குச் சொல்லிட்டுத்தான் போகும். 19 இன்ச் ரெண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம்.

நாலாவது, எடையும் அது இருக்கும் இடமும். பலரும் கெர்ப் வெயிட்டை மட்டும் பார்ப்பாங்க. அந்த எடை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பின்னால இருக்குங்கறதுதான் பெரிய விஷயம்.

இது வெறும் மெக்கானிக் அனுபவம் இல்லை. சைக்கிள் தானா நிமிர்ந்து ஓடுறதுக்கு சக்கரம் சுற்றும் விசையும் ட்ரெயிலும்தான் காரணம்னு ரொம்ப காலமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, இந்த ரெண்டு விளைவையும் நீக்கிட்டு ஒரு சின்ன சோதனை சைக்கிளைச் செஞ்சாங்க. தள்ளிவிட்டா அது யாரும் பிடிக்காமலே நிமிர்ந்து ஓடுச்சு! எடையை எங்கே வைக்கிறோம்கிறதை மாத்தியே அதைச் சாதிச்சாங்க. 'சயின்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. எங்க காவல்கிணறு அண்ணாச்சி அதைப் படிச்சிருக்க வாய்ப்பில்லை. ஆனா, அவர் டாப் பாக்ஸைத் தட்டிக் காட்டினதும் எடை இருக்கிற இடத்தைத்தான்!

களத்தில் 4 பைக்குகள்

நம்ம ஊர் ரோடுகளில் லாங் ரைடுக்கு அதிகம் பேர் யோசிக்கும் வண்டிகளில் நாலு வெவ்வேறு குணம் உள்ளதா எடுத்துக்கலாம். மாடல் அப்டேட்டில் சின்னச் சின்ன மாற்றம் வரலாம். அதனால் புக் பண்ணும்போது ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350
349 சிசி | எடை 191 கிலோ | வீல்பேஸ் 1,400 மி.மீ | முன் சக்கரம் 19 இன்ச் | சீட் உயரம் 765 மி.மீ | டேங்க் 15 லிட்டர்

வீல்பேஸ் எண்ணை மட்டும் பார்த்தா நாலில் இதுதான் குட்டை. ஆனா, ஓட்டும்போது குட்டையான வண்டின்னு தோணாது. காரணம், சாய்ந்த ஃபோர்க்கும் தாழ்வான சீட்டும். வண்டி எடையும் உங்க எடையும் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறதால பக்கக் காற்றுக்கு எளிதில் அசையாது. கால் தரையில் முழுசா ஊன்றும் என்பதால் உயரம் குறைவான ரைடர்களுக்கு ட்ராஃபிக்கில் பெரிய நிம்மதி.

விட்டுக்கொடுக்க வேண்டியது ரெண்டு. முதலாவது, 20 பி.எச்.பி சொச்சம் பவர்தான். இது 70 - 80 கி.மீ வேகத்தில் நாள் முழுக்க உருண்டுகிட்டே இருக்கும் வண்டி. பில்லியனோட லாரியை ஓவர்டேக் பண்ணணும்னா முன்கூட்டியே கணக்குப் போடணும். ரெண்டாவது, மலை வளைவில் அதிகமா சாய்ச்சா ஃபுட்பெக் தரையில் உரசும். உரசும் சத்தத்தை 'போதும்'னு வண்டி சொல்றதா எடுத்துக்கிட்டு வேகத்தைக் குறைக்கணும்.

பஜாஜ் டோமினார் 400
373 சிசி | எடை 193 கிலோ | வீல்பேஸ் 1,453 மி.மீ | முன் சக்கரம் 17 இன்ச் | சீட் உயரம் 800 மி.மீ | டேங்க் 13 லிட்டர்

நல்ல தார் ரோட்டுக்குப் பிறந்த வண்டி. நீளமான வீல்பேஸ், 193 கிலோ எடை, 150 செக்‌ஷன் பின் டயர், 40 பி.எஸ் பவர். நாலுவழிச் சாலையில் தண்டவாளத்தில் போற மாதிரி இருக்கும். 2021-ல் இருந்து விண்ட் ஸ்க்ரீன், ஹேண்ட் கார்டு, கேரியர் போன்ற டூரிங் ஐட்டங்கள் கம்பெனியிலிருந்தே பொருத்தி வருது. முன்னாடி 17 இன்ச் சக்கரம் என்பதால் மலையில் வளைவுகளும் நல்லாவே போகும்.

ஆனா, ரோடு மோசமானதும் கதை மாறும். சின்ன சக்கரம், 157 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ். உடைஞ்சுபோன கிராமத்து ரோட்டிலும் ஜல்லி கொட்டின இடத்திலும் எடை உங்களுக்கு எதிரா வேலை செய்யும்.

சுஸுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ்
249 சிசி | எடை 167 கிலோ | வீல்பேஸ் 1,440 மி.மீ | முன் சக்கரம் 19 இன்ச் | சீட் உயரம் 835 மி.மீ | டேங்க் 12 லிட்டர்

நாலில் எடை குறைந்தது. மீட்டியாரைவிட 24 கிலோ கம்மி. அதாவது, ஒரு அரிசி மூட்டை அளவு! அகலமான ஹேண்டில்பாரும் குறைந்த எடையும் சேர்ந்தா, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் வேலை மாதிரியே தெரியாது. புதுசா டூரிங் ஆரம்பிக்கிறவங்களுக்கு நம்பிக்கை தரும் வண்டி. ஸ்டாண்டு எடுத்துத் தள்ளுறதில் ஆரம்பிச்சு, சேற்றில் விழுந்தா தூக்குறது வரைக்கும் எல்லாமே சுலபம்.

எது வரமோ அதுவே சில இடத்தில் சாபம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்னா, 167 கிலோ உயரமான பைக் எம்மாத்திரம்? திறந்தவெளி ரோட்டில் பக்கக் காற்று இதை மத்த மூணையும்விட அதிகமா தள்ளும். 26.5 பி.எஸ் பவர் தனியா போக தாராளம். பில்லியன், லக்கேஜ்னு ஏத்தினா கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450
452 சிசி | எடை 196 கிலோ | வீல்பேஸ் 1,510 மி.மீ | முன் சக்கரம் 21 இன்ச் | சீட் உயரம் 825 மி.மீ | டேங்க் 17 லிட்டர்

2023 நவம்பரில் வந்த இந்த வண்டிதான் நாலில் நீளமானது. சக்கரமும் பெருசு. சஸ்பென்ஷன் முன்னாலும் பின்னாலும் 200 மி.மீ வரை இறங்கி ஏறும். பாலத்துக்கு முன்னாடி வரும் அந்தத் திடீர் மேடு, பாதி பெயர்ந்த தார், மழை நீர் ஓடின பள்ளம்... எதுவுமே பாதையை மாத்தாது. டேங்க் பெருசு, 40 பி.எஸ் பவரும் 40 நியூட்டன் மீட்டர் டார்க்கும் சுமையோட போக உதவும்.

ஆனா, 21 இன்ச் சக்கரம் வளைவில் சாய கொஞ்சம் நேரம் எடுக்கும். பிரேக் அழுத்தும்போது நீளமான சஸ்பென்ஷன் மூக்கைக் குனியும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுட்டு, அமைதியா திரும்பக் கத்துக்கணும். 17 லிட்டர் பெட்ரோல் மேலே நிறைஞ்சிருக்கும்போது, நின்ன இடத்தில் சாய்ஞ்சா தாங்கிப் பிடிக்க கால் பலமும் உயரமும் வேணும். இன்னொண்ணு, ட்யூப் உள்ள ஸ்போக் வீல் எடுத்தா நடுவழி பஞ்சருக்குத் தயாரா இருக்கணும். ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் ஆப்ஷனும் பின்னாடி வந்திருக்கு. லாங் ரைடுக்கு அது யோசிக்கவேண்டிய செலவு.

சரி, எதை எடுக்கலாம்?

நழுவாம நேரடியாவே சொல்றேன். பெரும்பாலும் ரெண்டு பேரா, நல்ல ஹைவேயில் ஊருக்கு ஊர் போறவங்களுக்கு டோமினார். தனியா, மலையும் வளைவும் தேடிப் போறவங்களுக்கு வி-ஸ்ட்ரோம். ரோடு எங்கே முடியும்னு தெரியாமலே கிளம்புறவங்களுக்கு ஹிமாலயன். 'எனக்கு எந்த அவசரமும் இல்ல, போற வழியில டீக்கடைதான் முக்கியம்'ங்கறவங்களுக்கு மீட்டியார்.

டெஸ்ட் ரைடு போகும்போது தெருமுனை வரைக்கும் போய் ஆக்ஸிலரேட்டர் முறுக்கிட்டு வந்துடாதீங்க. மூணு விஷயம் செய்யுங்க. ஒண்ணு, நடக்கிற வேகத்தில் ஒரு யூ-டர்ன். அதில் எடையும் சீட் உயரமும் உண்மையைச் சொல்லிடும். ரெண்டு, 60 கி.மீ வேகத்தில் ஹேண்டில்பாரை விடாம, பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்க. வண்டி தானா நேரா போகுதா, ஒரு பக்கம் இழுக்குதா? மூணு, பின்னாடி யார் உட்காரப்போறாங்களோ, அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. லாங் ரைடில் பாதி வண்டி அவங்களோடது.

வண்டிக்குச் சமமா நாமளும் இருக்கோம்!

இப்போ ஷோரூமில் இல்லாத மீதி பாதி.

ஒரு சின்ன கணக்கு. 70 கிலோ ரைடர், 65 கிலோ பில்லியன், 20 கிலோ லக்கேஜ். மொத்தம் 155 கிலோ. வி-ஸ்ட்ரோமின் எடையே 167 கிலோதான்! 1,000 கிலோ காரில் நாலு பேர் ஏறினா, எடை கால்வாசிக்கு மேல் கொஞ்சம் கூடும். பைக்கில் ரெண்டு பேர் பையோட ஏறினா, எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. அதுவும் அந்த எடை முழுக்க வண்டியின் மேல்பாகத்தில். இன்ஜினீயர்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டரா பார்த்துச் செஞ்ச சமநிலையை, நாம ஒரு பங்கி கயிறில் மாத்தி எழுதிடறோம்.

பின் அச்சுக்கும் பின்னால தொங்கும் எடை ஏற்றப்பலகை மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கும். ஹேண்டில் லேசாகி, ரோடு என்ன சொல்லுதுன்னே கைக்குத் தெரியாது. துடைப்பத்தின் நுனியில் செங்கல் கட்டி ஆட்டிப் பாருங்க. ஒருமுறை ஆட ஆரம்பிச்சா நிறுத்துறது கஷ்டம். 16 கிலோ டாப் பாக்ஸ் அந்தச் செங்கல்தான். போதாததுக்கு, அதோட சதுர வடிவம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி.

அதனால் லக்கேஜ் விதி ரொம்ப சிம்பிள்: கனமானது கீழே, நடுவில், முன்னாடி. டூல்ஸும் தண்ணியும் டேங்க் பேக்கில் அல்லது சேடில் பேக்கின் அடியில். ரெண்டு பக்கப் பைகளும் ஒரே எடை. டாப் பாக்ஸில் ரெயின் கோட், துணி, சிப்ஸ் பாக்கெட். அல்வாவைக்கூட கீழேதான் வைக்கணும்!

அடுத்து, பின் சஸ்பென்ஷன். இந்த நாலு வண்டியிலும் பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை மாத்த முடியும். ஆனா, வாங்கின நாளிலிருந்து அதைத் தொடாதவங்கதான் அதிகம். பில்லியன் ஏறினதும் பின்பக்கம் அமுங்கினா, ஃபோர்க் இன்னும் சாயும். வண்டி வளைவில் வெளிப்பக்கம் ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டிப்ஸ்: ராத்திரியில் லோ பீம் போட்டிருந்தும் எதிரில் வர்றவங்க லைட் அடிச்சுத் திட்டுறாங்களா? உங்க பின்பக்கம் இறங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்குதுன்னு அர்த்தம். ரெண்டு படி ப்ரீலோடைக் கூட்டுங்க.

டயர் காற்று பத்தி எல்லாரும் சொல்வாங்க, யாரும் செய்ய மாட்டாங்க. வண்டி ஓடி டயர் சூடான பிறகு பார்த்தா அளவு கூடுதலா காட்டும். அதனால் காலையில் கிளம்பும்போதே பார்க்கணும். தனியா போக ஒரு அளவு, பில்லியனோட போக ஒரு அளவுன்னு மேனுவலிலும் வண்டியில் ஒட்டின ஸ்டிக்கரிலும் இருக்கும். பங்கில் 'எவ்வளவு வைக்கட்டும்?'னு கேட்டா 'எப்பவும் வைக்கிறதை வைங்க'ன்னு சொல்லாதீங்க. ஹைவேயிலேயே அதிகம் ஓடின டயரின் நடுப்பகுதி தட்டையா தேய்ஞ்சிருக்கும். அப்படிப்பட்ட டயர் நேரா போகும்போது நல்லாத்தான் இருக்கும். வளைவில் மட்டும் திடீர்னு சரிஞ்சு விழுற மாதிரி சாயும். பழைய வண்டின்னா, பயணத்துக்கு முன்னாடி ஹேண்டில் கோன் செட்டையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க.

ஆட ஆரம்பிச்சுட்டா என்ன செய்யணும்?

ஆட்டத்தில் ரெண்டு வகை உண்டு. ஹேண்டில்பார் மட்டும் படபடன்னு வேகமா உதறினா அது வாபிள். முழு வண்டியும் மெதுவா, நொடிக்கு ரெண்டு மூணு தடவை பாம்பு மாதிரி நெளிஞ்சா அது வீவ். பின்னால அதிக சுமை இருக்கும்போது வர்றது பெரும்பாலும் ரெண்டாவது. எனக்கு வந்ததும் அதுதான்.

ரெண்டுக்கும் முதலுதவி ஒண்ணுதான். ஆனா, அது நம்ம உள்ளுணர்வுக்கு நேர் எதிர். கையை இறுக்கக் கூடாது. இறுக்கினா வண்டி திருத்திக்க நினைக்கிற ஒவ்வொரு அசைவையும் நாம தடுக்கிறோம். நம்ம உடம்பு ஆட்டத்தையும் கூடவே சேர்க்கிறோம். முழங்காலால் டேங்க்கை நல்லா கவ்விக்கிட்டு, உடம்பை லேசா முன்னால் கொண்டுபோங்க. ஆக்ஸிலரேட்டரை மெதுவா விடுங்க. பிரேக்கைப் பதறி அழுத்தாதீங்க. வேகம் குறைஞ்சா ஆட்டம் தானா அடங்கும். அப்புறம் ஓரமா நிறுத்தி, தண்ணி குடிச்சுட்டு, லக்கேஜைப் பாருங்க.

காற்றடிக்கும் ரோட்டில் இன்னொரு கணக்கு. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 80-லிருந்து 100-க்குப் போனா வேகம் கால் பங்குதான் கூடுது. எதிர்காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கு மேல கூடிடும். 2018-ல் மத்திய அரசு நாலுவழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு 80 கி.மீ-ன்னு உச்ச வேகம் வெச்சது. அன்னிக்கு நான் அதை மதிச்சிருந்தா, இந்தக் கட்டுரைக்கு ஆரம்பமே இருந்திருக்காது. பஸ், லாரி ஓவர்டேக் பண்ணும்போது காற்று நிக்கும், அப்புறம் அடிக்கும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, இடதுபக்கம் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்க. பாலம், மலை இடுக்கு, காற்றாலை... இந்த மூணையும் கண்டா வேகத்தைக் குறைச்சுடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி 5 நிமிஷம்...

* டயர் காற்று - காலையில், சுமைக்கு ஏத்த அளவு.
* ப்ரீலோடு - பில்லியன் உண்டா, இல்லையா?
* லக்கேஜ் - கனமானது கீழே, நடுவில், முன்னாடி. ரெண்டு பக்கமும் சமம்.
* டாப் பாக்ஸ் - மூடியைத் திறந்து ஸ்டிக்கரைப் படிங்க.
* ஹேண்டில் - ரெண்டு பக்கமும் தடையில்லாம திரும்புதா?
* பின்னாடி உட்காருறவங்க - 'வளைவில் என்கூடவே சாய்ஞ்சா போதும், எதிர்ப்பக்கம் சாயாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

என் நண்பன் இன்னிக்கும் என்கூட ரைடு வர்றான். ஒரே ஒரு மாற்றம். வண்டியில் ஏறுறதுக்கு முன்னாடி டாப் பாக்ஸைத் திறந்து, உள்ளே என்ன இருக்குன்னு அவனே ஒருதரம் பார்த்துட்டுத்தான் ஏறுவான். "நீ ஓட்டு மாப்ள, பெட்டி என் பொறுப்பு"ம்பான்.

உங்க வண்டி எதுவா வேணா இருக்கட்டும். அடுத்த ரைடுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை ஒருதரம் திறந்து பார்த்துடுங்க. ஹேப்பி ரைடிங்!